காதுக்காரர் அடித்த போல்ட்

குகைக்குள் இறங்குகிறவர்கள் மத்தியில் என் தங்கை புருஷனுக்குக் காதுக்காரர் என்று பெயர். ஆழமான குகையில் கயிறு கட்ட வேண்டுமென்றால், பாறையில் டிரில்லால் துளை போட்டு, தூசியை ஊதித் தள்ளி, இரும்பு போல்ட் அடித்து முடுக்குவார்கள். தொங்குகிறவன் உயிர் அந்த போல்ட்டில்தான். குகை பார்க்கப் போகும் குழுக்களுக்குக் கூலிக்குக் கயிறு கட்டுவதுதான் இவர் பிழைப்பு. துளை போடுவதற்கு முன் இவர் சுத்தியலால் பாறையைத் தட்டுவார். கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும். பின்னால் விரிசலோ வெற்றிடமோ இருந்தால் சத்தம் மந்தமாக வரும். அங்கே அடித்தால் பாளமே பெயர்ந்து வந்துவிடும். இவர் தட்டிச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் மனுஷன் தேள்.

யாராவது அவர் அடித்த போல்ட்டை ஆட்டிப் பார்த்துவிட்டால் போச்சு. "உன் பொண்டாட்டியையும் இப்படித்தான் ஆட்டிப் பாத்துக் கட்டினியா?" என்று கேட்டு, அவன் கண் கலங்கும்வரை விடமாட்டார். வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டை என் தங்கை மடியிலேயே கவிழ்ப்பார். அவளும் பேசாமல் பொறுக்கி எடுப்பாள். கல்லுளிமங்கிதான் அவளும்.

அந்த டிரில்லை வருஷக்கணக்காக முகத்தோடு வைத்து ஓட்டியதில் அவருக்குக் காது போய்விட்டது. பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், அதெல்லாம் பயந்தவனுக்கு என்பார். முதலில் குக்கர் விசில் கேட்கவில்லை, பிறகு வாசல் மணி, அப்புறம் காதருகே போய்க் கத்தினால்தான் உண்டு. என் தங்கை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். போன் வந்தால் அவளே எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்பாள். அவ்வளவு சுத்தமான மனுஷனை உலகத்திலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"தட்டிக் கேக்குற வேலைக்குக் கேக்காத ஆளை அனுப்புறியே, யாராவது செத்தா என்னடி பண்ணுவே?" என்று சண்டை போட்டேன்.

"நம்ம தம்பியைக் கூட அனுப்புறேன்க்கா. நீ வாயைத் திறந்து எங்க வயித்துல அடிச்சிடாதே" என்றாள்.

அப்படித்தான் எங்கள் தம்பி அவருக்குக் காதாகப் போனான். இவர் தட்டுவார், அவன் கேட்பான். கெட்டி என்றால் ஹெல்மெட்டைத் தொடுவான். காலி என்றால் கையைக் கீழே போடுவான். யாருக்கும் தெரியாது. இப்படியே பல குகைகள் நல்லபடியாக முடிந்தன. அவருக்கு நன்றி வர வேண்டிய இடத்தில் ஆத்திரம்தான் வந்தது. ஒருவன் தயவில் பிழைக்கிறோம் என்பது அவருக்கு எட்டிக்காய்.

போன தடவை ஒரு குழுத்தலைவி விளையாட்டாக, "உங்க மச்சான் மூஞ்சியைப் பாக்காம நீங்க துளையே போட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு மட்டும் அவருக்குக் கண்ணிலேயே தெரிந்துவிடும். அவள் என்ன சொன்னாள் என்று தம்பியை ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்து தட்டிய இடத்தில் தம்பி கையைக் கீழே போட்டான். இவர் பார்த்தார். பார்த்துவிட்டு அங்கேயே துளை போட்டார். கயிறு கட்டும் இரண்டு போல்ட்டையும் அந்த ஒரே பாளத்தில் அடித்தார். தம்பி அவர் காதோடு வாயை வைத்து, "மாமா, உள்ள காலியா இருக்கு. கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்றான்.

"பயமா இருக்குன்னு காதுல ஓதுறான் பாருங்க" என்று இவர் எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். "அப்ப நீதான் மச்சான் முதல்ல இறங்கணும்."

மாமாவுக்குக் காது கேட்காது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் மறுநாளே என் தங்கை வீட்டில் உலை கொதிக்காது, அவளுக்கு அடியும் விழும். அவன் கயிற்றில் மாட்டிக்கொண்டு இறங்கினான். பாளம் இரண்டு போல்ட்டோடும் பெயர்ந்தது.

"பயத்துல கயித்துல துள்ளினான். நான் அடிச்சதுல குறையில்லை" என்றார் காதுக்காரர். குழுத்தலைவியும் தலையாட்டினாள். அவர் சொன்னால் மறுபேச்சு ஏது?

தம்பி பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. விலா எலும்பு நுரையீரலைக் குத்தியதில் குரலும் காற்றாகிவிட்டது. நடந்ததையெல்லாம் என்னிடம் துண்டு துண்டாகத்தான் சொன்னான். நேற்று தங்கையும் அவள் புருஷனும் ஆரஞ்சுப் பையோடு வார்டுக்கு வந்தார்கள். தைரியமாக இருக்க வேண்டும், பயந்தால் இப்படித்தான் என்று அவர் கட்டில் காலடியில் நின்று உபதேசம் செய்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

தம்பி மேலே பார்த்தபடியே சொன்னான்: "காலின்னு சொன்னேனே மாமா. தெரிஞ்சேதான என்னை இறக்கினீங்க."

"என்ன சொல்றான்?" என்று அவர் தங்கையைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் காதருகே போய் உரக்கச் சொன்னாள். "உங்க மேல தப்பில்லைன்னு சொல்றான்."

உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். தம்பி என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "விடுக்கா. அவ அந்த வீட்டுக்குத்தானே போகணும்" என்றான்.

காதுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. உணர்ச்சியில்லாத அந்தக் காலைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா, அவனே மனசாரச் சொல்லிட்டான். அடுத்த குகைக்கு நம்ம பெரிய பையனைக் கூட்டிட்டுப் போறேன். சும்மாதானே சுத்துறான்" என்றார்.

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. என் தங்கை, "வேண்டாங்க, அவன் வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.