புகார் எண் நானூற்றுப் பன்னிரண்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது அந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். இருபத்தாறு வருடமாக நின்றுபோன லிஃப்டுகளை ஓடவைத்தவர். அவற்றை நிற்கவிட்ட கட்டட மேலாளர்களையும் ஓடவைத்தவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் பட்டாசு. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அவருடைய கல்யாணமே கோபத்தால் நடந்தது. ஒருநாள் குடிநீர் அலுவலகத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். மேலே இயந்திர அறையிலிருந்து இவர் மேலாளரைத் திட்டிய திட்டு, லிஃப்ட் குழி வழியாக இறங்கி அவள் காதில் விழுந்தது.

"உள்ள ஒரு மனுஷி மூச்சு முட்டி நிக்கறா. நீ என்னய்யா, பைலக் காட்டிக் கதை பேசிட்டு இருக்க?"

முகம் தெரியாத ஒருத்தர் தனக்காக இப்படித் தொண்டை கிழியக் கத்துவதை அவள் அதுவரை கேட்டதில்லை. கதவு திறந்ததும் அழவேண்டியவள் சிரித்தாள். மீதியைப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

அவளுக்கு அந்த அலுவலகத்தின் புகார் பிரிவில் போன் எடுக்கிற வேலை. தண்ணீர் வராவிட்டாலும் அவளுக்குத்தான் திட்டு, வந்த தண்ணீரில் புழு நெளிந்தாலும் அவளுக்குத்தான் திட்டு. ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் போடவேண்டும். சரியானதும் 'தீர்ந்தது' என்று எழுதி முடிக்கவேண்டும். குழாயைச் சரிபார்க்கப் போன ஆள் வந்து தீர்ந்தது என்று சொன்னால் செல்லாது. புகார் கொடுத்தவரே வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

சாமி கும்பிடுவதிலும் அவளுக்கு இதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. அடுப்படி அலமாரியில் ஒரு சாமி படம், அதன் முன்னால் ஒரு நோட்டு. கண்ணை மூடி உருகுவதெல்லாம் கிடையாது. காலையில் படத்துக்கு நேராக நின்று புகாரைச் சொல்வாள், எண் போட்டு எழுதுவாள்.

"முந்நூத்தி எட்டு, வெளியூர்ல இருக்கற பொண்ணோட வேலை விஷயம். ரெண்டு மாசமா நிலுவை. இன்னும் யாரும் வந்து பாக்கல," என்று ஒருநாள் அவள் படத்தைப் பார்த்து அதட்டியதை மெக்கானிக் கேட்டார். கடவுளே ஆனாலும் இந்த வீட்டுப் பக்கம் வரக் கொஞ்சம் யோசிப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வந்ததும் அன்று வாங்கிய திட்டையெல்லாம் புருஷனிடம் கொட்டுவாள். அவர் எண்ணெயில் விழுந்த கடுகாக வெடிப்பார். "யாரவன்? நம்பர் குடு. இப்பவே பேசறேன்." நம்பரை அவள் ஒருநாளும் கொடுத்ததில்லை, கொடுக்கவும் கூடாது. ஆனால் அவர் கத்தி ஓய்வதற்குள் அவள் முகம் தெளிந்துவிடும். தட்டை எடுத்து வைப்பாள். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது.

பிறகு அவருக்குப் பிரஷர் வந்தது. டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்து, கோபத்தையும் குறைக்கச் சொன்னார். கோபத்துக்கு மாத்திரை இல்லாததால் மெக்கானிக் பக்கத்துத் தெருத் தியான வகுப்பில் சேர்ந்தார். நடத்தியவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். எல்லாரும் அவரை மூச்சு மாஸ்டர் என்பார்கள். சுவரில் மூளையின் வண்ணப் படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார்.

"இந்தச் செவப்பு இருக்கே, கோபம் பொங்கற எடம். மூச்சக் கவனிக்கக் கவனிக்க இது அடங்கும். நெத்திக்குப் பின்னால இந்த நீலம், நிதானிக்கற எடம், பலமாகும். கோபம் வந்தா நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. அப்புறம் பேசுங்க."

மெக்கானிக்குக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. மோட்டார் ஒரு பக்கம், பிரேக் ஒரு பக்கம். இத்தனை நாள் பிரேக் இல்லாமல் ஓட்டியிருக்கிறோமே என்று வருத்தப்பட்டார். தினமும் இருபது நிமிடம், ஒருநாள் தவறாமல் உட்கார்ந்தார். ஒரே மாதத்தில் பிரஷர் இறங்கியது. டாக்டர் கையைக் குலுக்கினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புதிதாக ஞானம் வந்தவருக்குக் கை சும்மா இருக்குமா? குறுக்கே வண்டியை விட்டவனைப் பார்த்துப் புன்னகைத்தார். எண்ணெய் காணாத மோட்டாரைப் பார்த்தும் மேலாளரிடம் "எல்லாம் கடந்து போகும்" என்றார். பட்டாசு நமுத்துப்போச்சு என்று கூட வேலை செய்கிறவர்கள் கவலைப்பட்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். "இன்னைக்கு ஒருத்தன் என்ன நாயேன்னு கூப்பிட்டான்," என்று அவள் சொன்னாள். அவர் நாலு எண்ணி இழுத்தார், ஆறு எண்ணி விட்டார். "பாவம், அவனுக்குள்ள என்ன வலியோ," என்றார்.

அவள் கையில் கரண்டியோடு அவரையே பார்த்தாள். மறுநாள் இன்னொரு திட்டைச் சொன்னாள். "வார்த்தைதான, வந்துது, போச்சு. நீ ஏன் புடிச்சு வச்சுக்கற?" என்றார். நாளாக நாளாக அவள் சொல்வதே குறைந்தது. பிறகு ஒரேயடியாக நின்றது. வீடு அமைதியானது.

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. "என் மூளையில மட்டுமில்ல மாஸ்டர், வீட்டுக்குள்ளயே நீலம் பரவிடுச்சு," என்று வகுப்பில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். இருபத்தாறு வருடம் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடித்த மனுஷனுக்கு, சத்தமே இல்லாததுதான் பெரிய பழுது என்று உறைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"வேற ஊர் ஆபீசுக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். அங்க ரூம் எடுத்துத் தங்கிக்கறேன். வெள்ளிக்கெழம கையெழுத்தாயிடும்."

நெஞ்சுக்குள் எதுவோ அறுந்தது. ஆனால் பழக்கம் முந்திக்கொண்டது. நாலு எண்ணி இழுத்தார், ஆறு எண்ணி விட்டார். "உனக்கு எது அமைதியோ அதச் செய்," என்றார்.

அவள் தட்டோடு எழுந்தாள். "சாமி பதில் சொல்றதில்ல, ஆனா நான் சொல்றதக் கேக்குதுன்னு ஒரு நம்பிக்கை. நீங்க பதில் சொல்றீங்க. கேக்கறது நின்னுபோச்சு," என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் அவர் தியானத்தில் உட்கார்ந்தார். மூச்சு ஒழுங்காக வரவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய், அதுவரை தொடாத அந்த நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு புகார் இருந்தது.

'எண் 412. வீட்டுக்காரரைக் காணவில்லை. அடையாளம்: பெரிய குரல். எனக்காகக் கத்துவார். காணாமல்போய் ஐந்து மாதம். வீட்டில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ இருக்கிறார். நிலுவை.'

அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நேராக மூச்சு மாஸ்டர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, இதற்கு என்ன பயிற்சி என்று கேட்டார். மாஸ்டர் உள் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுலயும் ரெண்டு வருஷமா யாரும் எங்கிட்டப் பேசறதில்லங்க. மௌன விரதம்னு நெனச்சுட்டிருந்தேன்."

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் மெக்கானிக் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு யாரு திட்டினாங்க?"

"யாருமில்ல."

அவர் எழுந்திருக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனிக்கத்தான் ஆறு மாதம் பழகியிருந்தாரே. இத்தனை நாள் மூக்கைக் கவனித்தவர், இப்போது அவளைக் கவனித்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கீழுதடு கடிபட்டிருந்தது. கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் போனது.

"ஒருத்தன்," என்று கடைசியில் அவள் ஆரம்பித்தாள். "ஒரே ஆளு. ரெண்டு மாசமா தினமும் கூப்பிடறான். தண்ணிப் பிரச்சனையே இல்ல. அசிங்க அசிங்கமா பேசறான். அதிகாரிகிட்டச் சொன்னா, போன வச்சுட்டு அடுத்த போன எடுங்கறாரு."

அவர் மூச்சை இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு வரவில்லை.

"யாரவன்? அவன விடு, யாரந்த அதிகாரி? ரெண்டு மாசமா ஒரு பொம்பளப் புள்ளய இப்படி ஒக்கார வச்சுருக்கானா? நாளைக்குக் காலையில நான் வரேன் உன் ஆபீசுக்கு." மேல் வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் நம்பவில்லை. "நோட்டப் படிச்சுட்டு நடிக்கறீங்க."

"படிச்சேன். நடிக்கலம்மா. வேணும்னா பிரஷரப் பாரு," என்று கையை நீட்டினார்.

அவள் போய்ப் பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்துவந்து அவர் கையில் சுற்றி, பொத்தானை அழுத்தினாள். எண் ஏறிக்கொண்டே போய் நூற்று அறுபத்து எட்டில் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கண் நிறைந்து வழிந்தது. பிறகு நோட்டை எடுத்துவந்து, 412-க்குக் கீழே 'தீர்ந்தது' என்று எழுதினாள்.

"காலையில போய் மாத்தல் மனுவத் திருப்பி வாங்கிடலாம், நீங்களும் வாங்க," என்றாள். "மொதல்ல மாத்திரையப் போடுங்க."