நோர்வேயிலிருந்து ஒரு வாசகர்

என் வலைப்பதிவுக்கு வாய்த்த வாசகர்களிலேயே சிறந்தவர் நோர்வேயில் இருந்தார். ஒரு பதிவையும் தவறவிட மாட்டார். இரண்டு வரி பாராட்டு, ஒரு வரி கிண்டல், பிறகு தன் இளமைக் காலத்திலிருந்து ஒரு குட்டிக் கதை என்று பின்னூட்டம் போடுவார். அவரிடம் ஒரே ஒரு குறைதான். அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை. சிட்னிப் புறநகர் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் குசினியில், சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அவரை நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

சிரிக்க வேண்டாம். 2006இல் தமிழில் பதிவு எழுதிய யாரையாவது ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டுப் பாருங்கள். அப்போது தமிழ்ப் பதிவுகளையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் திரட்டிகள் இருந்தன. புதிதாக ஒன்று எழுதிப் போட்டால் உங்கள் தலைப்பு உச்சியில் நிற்கும். அரை மணி நேரத்துக்குள் சிங்கப்பூர்க்காரரும் துபாய்க்காரரும் தங்கள் பதிவுகளைப் போட்டு உங்களைக் கீழே தள்ளிவிடுவார்கள். திரும்ப மேலே ஏற ஒரே வழி, யாராவது உங்கள் பதிவில் பின்னூட்டம் போடுவது. எனக்கு யாரும் போடவில்லை.

ஏன் எழுதினேன் என்று கேட்டால் நேர்மையான பதில், பேச ஆளில்லை என்பதுதான். பகலில் பிளாக்டவுனில் தண்ணீர்க் குழாய்ச் சாமான்கள் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை. அங்கே நான் ஒரு நாளில் பேசும் வசனங்கள் பத்துக்குள் அடங்கிவிடும். வீட்டில் பிள்ளைகளிடம் தமிழில் ஒரு முழு வசனம் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதிலாக வரும். மனைவி கேட்பாள், ஆனால் பதினேழு வருடமாகக் கேட்டவள். கதையின் நடுவிலேயே முடிவைச் சொல்லிவிடுவாள். எனவே ரயிலில் பார்த்ததையும், ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பாடு போடும் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களையும் எழுதத் தொடங்கினேன். ஏழு பதிவுகள். பின்னூட்டம் பூச்சியம்.

எட்டாவது பதிவுக்கு முன்னால் பரமற்றாவில் ஒரு பதிவர் சந்திப்பு நடந்தது. சிட்னியிலிருக்கும் தமிழ்ப் பதிவர்கள் எல்லோரும், அதாவது மூன்று பேர், வருவதாக இருந்தது. வந்தவர்கள் இரண்டு பேர். நானும், சென்னையிலிருந்து வந்து மெரிலேண்ட்ஸில் குடியிருந்த ஓர் இளைஞரும். மூன்று பேருக்கென்று வாங்கிய வடையை இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். அவருடைய பதிவுகளுக்கு நாற்பது, ஐம்பது பின்னூட்டம் விழும். இரகசியத்தைக் கேட்டேன்.

"நீங்களே போட்டுக்க வேண்டியதுதான் சார். முதல் ரெண்டு நாம போட்டா மூணாவது ஆள் தானா வருவாங்க. காலியா இருக்கிற ஹோட்டலுக்குள்ள யாரு நுழைவா?" என்றார்.

"அது பிழையில்லையோ?"

"தன் கையே தனக்குதவி சார்."

ஆசை யாரை விட்டது? அன்று பின்னேரமே நோர்வேக்காரர் பிறந்தார். நோர்வேயைத் தேர்ந்ததற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, பிடிபட வழியில்லை. நானே பின்னூட்டம் எழுதுவேன். நானே அதை அனுமதிப்பேன். கீழே நானே, 'உங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி ஐயா' என்று பணிவாக எழுதுவேன்.

சென்னைத் தம்பி சொன்னது பலித்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். லண்டனிலிருந்து ஒரு அக்கா, டொரன்டோவிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி. ஆனால் இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு விசயம் உறைத்தது. அவர்கள் எனக்காக வரவில்லை. நோர்வேக்காரருக்காக வந்தார்கள். ஒரு வாரம் அவர் தலைகாட்டாவிட்டால், 'எங்கே நம்ம நோர்வே அண்ணாச்சி, சுகமில்லையா?' என்று விசாரிப்பார்கள். என் சுகத்தை ஒருவரும் விசாரித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "அந்த நோர்வேக்காரர் உங்களை விட நல்லா எழுதுறார், என்ன?" என்றாள். பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவருடைய குட்டிக் கதைகள்தான் ஆட்களைப் பிடித்திழுத்தன. அவை என் கற்பனை இல்லை. எண்பத்து மூன்றில் யாழ்ப்பாணத்தில் நான் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிக்கப் போன ஒரு தனியார் வகுப்பில், ஓலைக் கொட்டிலில், இரண்டு வருடம் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்த ஒரு பெடியனுடையவை. அவனுடைய சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. வலது காலை ரோட்டில் தேய்த்துத்தான் நிற்பாட்டுவான். அதனால் வலது செருப்பு மட்டும் மாதத்துக்கு ஒருமுறை ஓட்டையாகிவிடும். அவனுடைய அம்மா செருப்புக் கடைக்குப் போய், வலது செருப்பை மட்டும் தனியாகத் தருவீர்களோ என்று கேட்டாவாம். அவன் இதை அம்மாவின் குரலிலேயே நடித்துக் காட்ட, வகுப்பில் கடைசி வாங்கு முழுக்கச் சிரித்து, எல்லோரும் வெளியே அனுப்பப்பட்டோம்.

அந்தச் செருப்பை நோர்வேக்காரரின் காலில் மாட்டிவிட்டேன். 'என் அம்மா ஒருமுறை செருப்புக் கடையில்' என்று அவர் தொடங்கியதும் முப்பத்தொரு பின்னூட்டம் வந்தது. அந்தப் பெடியன் அதை வாசித்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்காமல் இல்லை. வாசித்தால் சிரிப்பான் என்று நினைத்தேன். எண்பத்தைந்தில் வகுப்பு முடிந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, அடுத்த வருடம் நான் இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு பழக்கம் இருக்கிறது. தகவல் இல்லாத ஒவ்வொருவரையும் வசதியாக ஐரோப்பாவிலோ கனடாவிலோ குடியேற்றிவிடுவோம். நானும் அவனை எங்கேயோ இரண்டு பிள்ளைகளோடு, கொஞ்சம் தொப்பையோடு குடியேற்றியிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். பதிவைத் திறந்தேன். அனுமதிக்காகக் காத்திருந்த பின்னூட்டம் ஒன்று இருந்தது. நோர்வேக்காரருக்கு எழுதப்பட்டது.

'வலது செருப்புக் கதை எங்கட வீட்டு ஆக்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் எங்கட அண்ணாவோ? நான் உங்கட தங்கச்சி, மெல்பேர்னிலை இருக்கிறன். அம்மாவும் என்னோடைதான். எண்பத்தஞ்சிலை போட்டு வாறன் எண்டு சொல்லிப் போன ஆள் இவ்வளவு காலம் ஏன் எழுதேல்லை எண்டு நான் கேக்க மாட்டன். போன் எடுத்தால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். அம்மாட்டை இன்னும் சொல்லேல்லை. இந்தச் சனிக்கிழமை சொல்லப் போறன்.' கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

கையிலிருந்த பாண் துண்டைத் திரும்பச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். பயம் என்றால் உண்மையான பயம். அவன் எந்த நாட்டிலும் குடியேறவில்லை, அந்தக் காலத்துப் பெடியள் பலரைப் போலக் காணாமல் போயிருக்கிறான். இருபத்தொரு வருடமாக ஒரு தாய் அவனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறா. நான் திரட்டியில் ஒரு இடம் மேலே போவதற்காக அவனுக்கு உயிர் கொடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

முதலில் சென்னைத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவர் பாவம், "நோர்வேக்காரரை வச்சே ஒரு வரி எழுதிடுங்க சார். அது வேற ஆளு, இந்தக் கதையை எங்கயோ கேட்டேன்னு" என்றார். பின்னேரம் வீட்டுக்கு வந்து அதை எழுதியும் விட்டேன். நல்ல வரிதான். நோர்வேக்காரர் எப்போதும் போல என்னை விட நன்றாக எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன்னால் மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் எண்டுறவை. உங்கட புளுகு அஞ்சு மாசம் ஓடியிருக்கு" என்றாள். பிறகு தொலைபேசியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். "அந்தப் பிள்ளை போனைப் பாத்துக்கொண்டு இருக்கும். எழுத வேண்டாம். எடுங்கோ."

எடுத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் தங்கச்சி தூக்கிவிட்டா. "அண்ணாவோ?" என்ற குரலுக்கு, "இல்லைத் தங்கச்சி" என்று தொடங்கினேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் எடுத்திருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் ஒருவரிடமும் பேசியதில்லை என்றே தோன்றியது.

"அப்ப நோர்வேயிலை ஒருத்தரும் இல்லை" என்றா. கேள்வியாக இல்லை.

"இல்லை."

"செருப்புக் கதை?"

"அவன்தான் சொன்னவன். ரெண்டு வருசம் எனக்குப் பக்கத்திலை இருந்து படிச்சவன்."

போனை வைத்துவிடுவா என்று நினைத்தேன். வைத்திருந்தால் அது நியாயம்தான்.

"அண்ணா போகேக்கை எனக்கு எட்டு வயசு" என்றா. "எனக்கு அவரின்ரை குரல் கூட ஞாபகம் இல்லை. உங்களுக்கு அவரைப் பற்றி வேறை என்ன தெரியும்?"

கொஞ்சம் யோசித்துச் சொல்லலாமோ என்று கேட்டேன். "எழுதி அனுப்புங்கோ. ஆனால் உண்மையிலை நடந்ததை மட்டும். பொய் ஒண்டும் கலக்காதேங்கோ" என்றா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நோர்வேக்காரரின் பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் நானேதான் என்று ஒரு சின்னப் பதிவு போட்டேன். மெல்பேர்ன் வீட்டுக் கதையை மட்டும் எழுதவில்லை. லண்டன் அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டா. வாத்தியார், 'எனக்கு முதலே சந்தேகம்' என்றார். பெயரில்லாத ஒருவர் என்னை நாலு நல்ல வசை வைதார். அதை அனுமதித்தேன், ஏனென்றால் அதில் பிழை இல்லை.

பிறகு அவனைப் பற்றி எழுத இருந்தேன். செருப்பும் சைக்கிளும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. இரண்டு வருடம் தோளோடு தோள் உரச இருந்தவன், பக்கம் பக்கமாக வரும் என்று நினைத்தேன். மூன்று பின்னேரம் முயன்று பதினொரு விசயங்கள்தான் தேறின. கணக்குச் செய்யும்போது விசிலடிப்பான், தனக்கே தெரியாமல். இடது கையால் எழுதுவான். பொரித்த மிளகாயைக் கண்டால் மற்றவன் சாப்பாட்டுப் பெட்டி என்றும் பார்க்க மாட்டான். ஒருநாள் பெருமழையில் தொப்பலாக நனைந்து, வகுப்புக்கு அரை மணி நேரம் பிந்தி வந்து, சொட்டச் சொட்ட முன்வாங்கில் இருந்து முழுப் பாடமும் கேட்டான். இப்படித்தான், ஒவ்வொன்றும் இரண்டு வரி. புளுகும்போது ஆறாக ஓடிய கை, உண்மைக்கு நொண்டியது. இவ்வளவு கொஞ்சமாகவா ஒருவனைப் பார்த்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. பதிவில் போடவில்லை. கடதாசியில் எழுதி, தபாலில் மெல்பேர்னுக்கு அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. தங்கச்சிதான். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாவாம். நோர்வேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம், அண்ணாவோடு படித்த ஒருவர் சிட்னியில் இருக்கிறார் என்று மட்டும். "எல்லாத்தையும் மூண்டு தரம் வாசிக்கச் சொன்னவ. உங்களிட்டை ஒண்டு கேக்கோணுமாம். நானும் லைனிலை இருக்கிறன்."

அம்மாவின் குரல் வந்தது. அவன் எங்கே போனான், யாரோடு போனான் என்று கேட்பா என்று பயந்தேன். அது எனக்குத் தெரியாது.

"தம்பி, அண்டைக்கு மழையிலை நனைஞ்சு வந்தவன் எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம் அன்ரி."

"ஆரும் அவனுக்கு ஒரு துவாய் குடுத்தவையோ?"

எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கொட்டிலில் துவாய் இருந்திருக்கவே வழியில்லை. உண்மையை மட்டும் சொல்லச் சொன்ன பிள்ளை அதே லைனில் மூச்சு விடுவது கேட்டது.

"ஓம் அன்ரி. நான்தான் குடுத்தனான்" என்றேன்.

தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை.

"அது காணும்" என்றா அம்மா. "தலை துடைக்காட்டி அவனுக்கு உடனை தடிமன் பிடிக்கும்."