தண்டவாளத்தை மறித்த இரண்டு பேர்

இன்று போடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தேன். எதிரில் இருந்த பெண், "பத்து வருசத்துக்கு மேல நின்னு கெடந்து, ஒருவழியா நம்மூருக்கு ரயில் திரும்ப வந்திருச்சுல்ல" என்றாள்.

"இது ரெண்டாவது தடவம்மா" என்றேன். அவளுக்கு ஆச்சரியம்.

உலகப்போர் சமயத்தில், போருக்கு இரும்பு வேண்டுமென்று எங்கள் ஊர்த் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வெறும் மேட்டில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் விளையாடுவோம்.

ஐம்பதுகளில் மறுபடி தண்டவாளம் போட ஆட்கள் வந்தார்கள். நானும் ஏலக்காய்க் கடைக்காரர் மகள் சவரியும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

"எந்திரிங்க ஆத்தா, சோலி கெடக்கு" என்றார் மேஸ்திரி.

"அப்ப நாங்க எங்கிட்டுப் போயி வெளாடுறது?" என்று கேட்டாள் சவரி.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த முள்ளை வெட்டி, தரையைச் சமப்படுத்தித் தரும்படி தன் ஆட்களிடம் சொன்னார். அதன்பிறகுதான் எழுந்தோம்.

முதல் ரயில் வந்த அன்று ஊரே மாலையோடு நின்றது. நாங்கள் அந்தப் புது இடத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். சவரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது அவள் முறை.

"அந்த எடம் எங்கிட்டு இருக்கு பாட்டி?" என்று அந்தப் பெண் சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பேச்சு சுவாரசியத்தில் அதை எப்போதோ தாண்டிவிட்டோம். போடிக்காரர்கள் யாராவது போய்ப் பார்த்து, அங்கே இப்போது யார் விளையாடுகிறார்கள் என்று சொல்லுங்களேன்.