சந்தனம் வைத்த கேமரா

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் பல வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன், இப்போது கூப்பிட ஆளில்லாமல் பழைய கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துப் பிழைக்கிறேன். படத்தில் வெள்ளையாக ஒரு உருவம் தெரிகிறது என்று பயந்து வந்த எத்தனையோ பேருக்கு, அது லென்ஸில் அடித்த வெளிச்சம் என்று காட்டி, கேலி பண்ணி அனுப்பியிருக்கிறேன். அந்த வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

போன ஆவணியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அம்மாவும் அவர் மகளும் கடைக்கு வந்தார்கள். மஞ்சள் பைக்குள் துண்டு சுற்றி ஒரு சின்ன வீடியோ கேமரா, அதற்குள்ளேயே கேசட்.

"படம் கட்டம் கட்டமா ஒடையுது அண்ணாச்சி, சத்தமே வர மாட்டேங்கு. தை மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம். அதுக்குள்ள இவ அப்பா குரலை ஒரு தடவையாச்சும் இவ கேட்டுரணும்" என்றார் அந்த அம்மா.

அவர் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரில் இருந்த தம்பி அனுப்பிய கேமராவில், அய்யனார் கோவில் அருவியில் மனைவி குளிப்பதை எடுத்திருக்கிறார். அடுத்த வாரமே லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பெண் அப்போது வயிற்றில் மூன்று மாசம். கேமராவைப் பிடித்தவர் அவரே என்பதால் கேசட்டில் அவர் முகம் கிடையாது. "ஏட்டி, வழுக்கும், பாத்து வா" என்கிற குரல் மட்டும்தான். அதுவும் இவளுக்கு விவரம் தெரிவதற்குள் போய்விட்டது.

கேசட் கதவைத் திறந்தேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்துபோன சந்தனம். விசாரித்தால், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அந்தக் கையோடு கேசட்டை ஓட்டிப் பார்ப்பார்களாம்.

"பொட்டு வைங்க, வேண்டாங்கல. வாய்க்குள்ளயுமா ஊட்டுவிய?" என்றேன். மகள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, டேப்பைப் படிக்கிற ஹெட்டைத் துடைத்தேன். படம் வந்தது. ஈரச் சேலையோடு சின்ன வயசில் இதே அம்மா, கேமராவுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறார். ஆனால் அவர் பேச வேண்டிய இடத்தில் மட்டும் படம் உடைந்து சத்தம் செத்துவிடுகிறது. பத்துத் தடவை ஓட்டினாலும் அதே இடம்.

கோளாறு கேமராவிலா கேசட்டிலா என்று பார்க்க ஒரே வழி, அதே கேமராவில் புதுக் கேசட் போட்டு எடுத்துப் பார்ப்பது. அவர்கள் கண் முன்னால்தான் கவரைப் பிரித்தேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, எதிரே நாற்காலியில் மகளை உட்காரச் சொல்லி, பட்டனை அழுத்திவிட்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன். இரண்டே நிமிஷம். யாரும் பேசவில்லை, கேமராவை யாரும் தொடவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்.

கேமராவை டிவியில் மாட்டி ஓட்டினால் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தோஷமாகச் சொல்ல வாயெடுத்தவன், அதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்ததும் அடங்கிப்போனேன்.

"கேமரா நல்லாத்தான் இருக்கும்மா. பழைய கேசட்தான் தேஞ்சு போச்சு. ஒரே எடத்தத் திரும்பத் திரும்பப் போட்டுருக்கிய, சந்தனத் தூளு வேற அறுத்துருக்கு."

"அந்த எடத்துலதான அவிய பேசுவாவ. அப்ப நாந்தான் அழிச்சுப்புட்டேனா அண்ணாச்சி?"

 காலையில் பண்ணிய கேலியை நினைத்து வெட்கமாக இருந்தது. டிவியில் அந்த இரண்டு நிமிஷம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டது.

"கோதை, இங்கிட்டு பாரும்மா."

ஆண் குரல். கேமராவைப் பிடித்திருப்பவர் பேசினால்தான் மைக்கில் அவ்வளவு கிட்டத்தில் விழும். படத்தில் நாற்காலியில் இருக்கும் மகள் தலையைத் தூக்கி, லென்ஸுக்குக் கொஞ்சம் மேலே பார்க்கிறாள். அம்மா மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவியதான், அவியதான்" என்றார்.

"அண்ணாச்சி, படம் எடுக்கும்போது கூப்பிட்டது நீங்க இல்லையா?" என்று மகள் கேட்டாள்.

நான் கூப்பிடவில்லை. அவள் பெயரே எனக்கு அதுவரை தெரியாது, அம்மா 'பாப்பா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பிறந்த பிறகு தாத்தா வைத்த பெயராம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கள் ஊரிலும் தெருவுக்கு ஒரு கோதை உண்டு, யாரோ யாரையோ கூப்பிட்டிருப்பார்கள் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து வெளியே ஓடிப் பார்த்தேன். என் கடை மாடியில், கடைசி அறை. வராந்தாவில் ஒரு ஆளும் இல்லை.

மகள் அதை நாலு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, "எங்கப்பா இப்படித்தான் பேசுவாரா, இப்படித்தான் பேசுவாரா" என்று அதையே சொன்னாள். ஐந்தாவது தடவை நிறுத்தப் போனபோது அம்மா என் கையைத் தடுத்தார்.

"செத்த நேரம் ஓடட்டும் அண்ணாச்சி. பொறவு என்னையும் கூப்பிடுவாவ."

எடுத்ததே இரண்டு நிமிஷம்தான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படம் முடிந்து திரை கறுத்தது. அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு, நம்பினால் நம்புங்கள், முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மகள் கையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. கேசட் முடிந்து கேமரா நின்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையக் கூப்பிட்டாவல்ல, போதும்" என்றார். போதும் என்கிற குரல் இல்லை அது. இரண்டு கேசட்டையும் கேமராவையும் அதே துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. எதுவும் பதியாத புதுக் கேசட்டை ஓட்டினால், டிவி மூலையில் நேரம் காட்டும் எண்கள் நின்று, அந்த இடத்தில் வெறும் கோடுகள்தான் வரும். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். அன்றைக்குக் கோடு வரவில்லை. திரை கறுத்த பிறகும் எண்கள் விநாடி விநாடியாக ஓடிக்கொண்டே இருந்தன, கேசட் முடிகிற வரைக்கும். வெறும் இருட்டென்றாலும் யாராவது எடுத்திருந்தால்தான் அப்படி ஓடும். அந்த அம்மாவுக்கு எதிரே அவ்வளவு நேரம் கேமராவுக்குப் பின்னால் நின்று எடுத்தவருக்கு, ஒரே ஒரு தடவை அவரைக் கூப்பிட ஏன் முடியாமல் போனது?