படத்துக்கு மாலை போட்டவன்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பலகையில் தூரிகை பிடித்து எழுதினால் எழுத்து நேராக நிற்கும்; தாளில் பேனா பிடித்தால் சரிந்துவிடும். எந்த இடத்தில் எந்த 'ற' வரும் என்பது இன்றும் குழப்பம்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில், செர்டாங்கில் ஒரு படக்கடையில் வேலை செய்கிறேன். சாமி படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடும் கடை. அதன் மாடியில் இந்த வருடம் சின்னதாக ஒரு படக்கூடம் திறந்திருக்கிறார்கள். படியடியில் இருக்கும் கரும்பலகையில், இனி வரப்போகும் கண்காட்சிகளை எழுதுவது என் வேலை. இந்த வாரம் எழுதியது இது: வரும் ஞாயிறு, ஜப்பான் காலத்துப் படங்கள். புரட்டாசியில், பள்ளிப் பிள்ளைகள் வரைந்தவை. தீபாவளிக்கு முன் கோலப் போட்டி, மாவு அவரவர் கொண்டுவர வேண்டும்.

ஞாயிறு மாட்டப்போகும் படங்களில் ஒன்று நான் வரைந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவும் ஒருவரின் முகம். அவரே இரவல் கொடுத்திருக்கிறார். கடையை இப்போது நடத்துவது பழைய முதலாளியின் மகன். அவர் என்னிடம் சொன்னார்:

"படத்துக்குக் கீழ ஒரு அட்டை எழுதி ஒட்டுங்கண்ணே. வாப்பா மாலை போட்ட கதையையும் சேத்து எழுதுங்க. பாக்கிறவங்க சிரிச்சிட்டுப் போகட்டும்லா."

அவருடைய வாப்பா மாலை போடவில்லை. அந்த அட்டையை எழுத முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு கண்ணாடி வரத்து நின்றுபோனது. சாமி படம் வாங்கவும் ஆள் இல்லை. முதலாளி நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். கடையை மூடாமல், கிடைத்த பலகையில் முக்காலியும் சட்டமும் செய்துகொண்டிருந்தார். ஊரில் இருந்த ஜப்பான் அதிகாரி ஒருவருக்குப் படங்களில் ஆசை. மாடியைக் காலி செய்து மாதம் ஒருமுறை படங்களை மாட்டிக் காட்டு என்றார். முடியாது என்று சொல்லும் காலம் அல்ல அது. அப்போதும் பலகை எழுதியது நான்தான். எனக்கு இருபத்து மூன்று வயது.

அப்போது உருவப்படம் வரையவும் பழகியிருந்தேன். சின்னப் புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவேன். பெரிய அட்டையிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் கரியால் நிரப்புவேன். ஒரு கட்டத்தில் பாதி மூக்கு, இன்னொன்றில் காது.

ஒரு நாள் தோட்டத்திலிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

"இது எட்டு மாசத்துப் புள்ளண்ணே. அவரு வர்றதுக்குள்ள மூஞ்சி மறந்துரும். பெரிசா வரைஞ்சு குடுங்க, தினம் காட்டணும்."

வரைந்தேன். அதுவரை நான் வரைந்ததில் அதுதான் நன்றாக வந்தது. அடுத்த ஞாயிறு மாடியில் உள்ளூர்க்காரர் வரைந்த படங்கள் என்று பலகையில் எழுதியிருந்தேன். அன்று ஒருநாள் மாட்டிவிட்டு அன்றே கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். அவரும் சரி என்றார்.

ஞாயிறு காலை அதிகாரி வந்தார். முதலாளி சொன்னபடி சாமந்தி மாலை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதை அதிகாரியின் கழுத்தில் போட்டோம். அவர் சிரித்துக்கொண்டே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் படத்தின் முன் மற்றவற்றைவிட அதிக நேரம் நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். முதலாளியும் அவரை வழியனுப்பக் கீழே இறங்கினார்.

மாலை என் கையிலேயே இருந்தது. வாடாத மாலை. நான் அதை என் படத்துக்குப் போட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவன் நான். மாலை போட்ட படம் என்றால் என்ன என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் அது ஒரு ஆளின் முகம் என்பதே என் நினைவில் இல்லை. அது என் படம். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் குழந்தையோடு படியேறி வந்தார். மாடியில் நாலைந்து பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலைத் தாண்டியதும் படத்தைப் பார்த்தார். குழந்தையை இறக்கித் தரையில் உட்கார வைத்தார். பிறகு என்னிடம் வந்து, மெதுவாகத்தான் கேட்டார்:

"எப்பண்ணே சேதி வந்துச்சு? காலைல அந்த ஜப்பான் அதிகாரி வந்தாருன்னு கீழ சொன்னாங்க. அவரு சொன்னாரா?"

ஒரு வார்த்தை போதும். 'சேதி எதுவும் வரவில்லை, அழகுக்காகப் போட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். பெண்கள் பேசினாலே எனக்கு வாய் வராது. அன்று அதுமட்டும் காரணமில்லை. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் படத்துக்குத் தானே மாலை போட்டுக்கொண்டான் என்று அவர்கள் முன் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்த தலையை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். முந்தானையால் நெற்றிப் பொட்டை அழித்தார். அழவில்லை. "கழட்டிக் குடுங்கண்ணே" என்றார். பழைய சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். மாலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாளைக்கே தோட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று அன்று நினைத்தேன். போகலாம், போகலாம் என்று மூன்று ஞாயிறு போனது. போனபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அவர் கழுத்தில் தாலி இல்லை. வெள்ளைச் சேலைக்கு வழியில்லாமல், சாயம் போன ஒரு சேலையைக் கட்டியிருந்தார். படத்தின் முன்னால் விளக்கு எரிந்தது.

"நல்லா வரைஞ்சீங்கண்ணே. உசுரோட பாக்கிற மாதிரியே இருக்கு" என்றார். அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார். தின்றேன். சொல்லாமலே திரும்பி வந்தேன்.

ஜப்பான்காரர்கள் தோற்றுப்போவதற்கு முன்பே முதலாளி காய்ச்சலில் இறந்துவிட்டார். அவர்கள் போன சில மாதங்களில் ஒரு நாள், எலும்பும் தோலுமாக ஒருவர் என் படத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். என் கரியில் இருந்த கன்னம் அவரிடம் இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்தது.

"என்னைப் பொதைச்சது நீங்கதானாண்ணே? பொதைச்சதுதான் பொதைச்சீங்க, மூக்கையாவது நேரா வரைஞ்சிருக்கலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வருசமா அவ ஒரு கல்யாண வீட்டுக்குப் போகலண்ணே. எதுக்க வந்தா சகுனம் சரியில்லன்னு லயத்துல பேசியிருக்காங்க. மாலை போட்டது யாருண்ணே?"

"முதலாளி" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. அந்தப் பெண்ணிடம் வராத வாய், பொய்க்கு வந்தது.

"பாய்தானா? அவருக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும், பாவம். அதிகாரி வர்றான்னு அழகுக்குப் போட்டிருப்பாரு. போகட்டும்" என்றார். அடுத்த மாதம் தோட்டத்துக் கோயிலில் அவர் மனைவிக்கு மறுபடி தாலி கட்டினார். என்னையும் கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டேன்.

பாய்க்கு எல்லாம் தெரியும். இருபது வருடம் எங்கள் சனங்களின் இறந்தவர் படங்களுக்குச் சட்டம் போட்டவர் அவர். அந்தப் பெண் படத்தோடு இறங்கிப் போன பிறகு, அவர் மாடிக்கு வந்து வெறும் ஆணியைப் பார்த்தார். "ஓடிப் போய்ச் சொல்லிரு தம்பி. இன்னும் ரோட்டுலதான் போய்க்கிட்டிருக்கும்" என்றார். நான் சரி என்று சொல்லி, கீழே இறங்கி, கடைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தேன். சொல்லிவிட்டதாக நினைத்தே அவர் இறந்துபோனார். இதை இதுவரை எந்த மனிதரிடமும் சொன்னதில்லை.

அவருடைய மகன் இந்தக் கதையைச் சொந்த வீட்டுக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார். ஞாயிறு அந்தக் கணவனும் மனைவியும் வருகிறார்கள். இடுப்பில் இருந்த குழந்தைக்கு இப்போது கல்யாணம் பேசுகிறார்களாம், அவளும் வருகிறாள்.

இந்தத் தாளை முதலாளியின் மகனிடம் நாளைக் காலை கொடுத்துவிடுவேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவரிடம் வாயால்தான் சொல்ல வேண்டும். ஞாயிறு வரை வைத்திருந்தால் மறுபடியும் தலையைக் குனிந்துவிடுவேன். நாளை மத்தியானம் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறேன்.

அட்டையை எழுதி முடித்துவிட்டேன். பலகை எழுத்தைப் போல நேராகவே வந்திருக்கிறது: 'கரி ஓவியம். மாலை போட்டது, வரைந்தவன்.'

26-8-1962, ஞாயிறு.