பத்துக்கு எம்புட்டு?

மார்க் போடுவதில் நான் கஞ்சம். முப்பது வருஷம் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் விலங்கியல் நடத்தினேன். பத்து மார்க் கேள்விக்கு ஏழுக்கு மேல் போட எனக்குக் கை வராது. விடைத்தாளை வாங்கிய பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே போவது காதில் விழும். விழுந்தாலும் மாற்ற மாட்டேன். இந்தப் புத்தி என் நுரையீரலுக்கே உலை வைக்கப் பார்த்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டுமாம். அழுகை, ஜெபம், சொந்தக்காரர்களின் போன் எல்லாம் ஒரு சுற்று முடிந்த பிறகு அறுவை சிகிச்சை டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"எடுத்த பெறகு எதுக்கு டாக்டர் பயப்படணும்?"

தையலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் சொல்வார் என்று நினைத்தேன். அவற்றையும் சொன்னார். ஆனால் அவர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னது வேறு. "நுரையீரலப் பாத்துக்கங்க டீச்சர்."

வயிற்றை வெட்டினால் நெஞ்சுக்கு என்ன வந்தது? ஆட்டோ திருநகரில் எங்கள் வீடு வந்து சேரும்வரை இதே யோசனை. பயந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு அது ருசியான கேள்வியாக இருந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தபால் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. காய்ச்சலில் கொதித்துக்கொண்டு படுத்திருந்தாலும், கேட்டால் "பரவால்ல" என்றுதான் சொல்வார்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே பயிற்சி ஆரம்பமானது. மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், மேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தாள். மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, பக்கத்தில் ஒரு குழாய். குழாயை வாயில் வைத்து மூச்சைக் கட்டி ஊதினேன். பந்து அசையவில்லை.

"இது ரிப்பேர்" என்றேன்.

"ஊதாதீங்க டீச்சர், உறிஞ்சுங்க. எளநி குடிக்கிற மாதிரி."

உறிஞ்சினேன். முதல் பந்து எழுந்தது, இரண்டாவதும் கொஞ்சம் ஆடியது. எனக்கு வெட்கமாகிவிட்டது. மணி ஜாடிப் பாடத்தை வருஷம் தவறாமல் நடத்தியவள் நான். கண்ணாடி ஜாடிக்குள் இரண்டு பலூன், அடியில் இறுகக் கட்டிய ரப்பர் தாள். தாளைக் கீழே இழுத்தால் பலூன்கள் தானாக விரியும். யாரும் காற்றை ஊதி உள்ளே அனுப்புவதில்லை. இதை எழுதாத பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்தவள், ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே பத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டேன்.

டாக்டரின் பேச்சுக்கு அந்தப் பெண்தான் விளக்கம் சொன்னாள். வெட்டு விழுவது மேல் வயிற்றில். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம்தான் அந்த ரப்பர் தாள். வலிக்குப் பயந்து அது கீழே இறங்காது. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் ஒட்டிக்கொள்ளும், சளி தேங்கும், அதில் கிருமி சேர்ந்தால் நிமோனியா. அதனால் ஆழ்ந்த மூச்சு, தினமும் நடை, இரண்டு வேளையும் சுத்தமாகப் பல் விளக்கல். பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "வாயில இருக்க கிருமிதான் டீச்சர் நெஞ்சுக்குள்ள எறங்குது" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதுகில் நூல் மாதிரி ஒரு குழாய் வைத்திருந்தார்கள், வலி மருந்து அதன் வழியாகச் சொட்டு சொட்டாகப் போகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து கேட்பார்.

"வலி பத்துக்கு எம்புட்டு டீச்சர்?"

பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. என்னிடம் போய் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? பத்து மார்க் நான் யாருக்குப் போட்டிருக்கிறேன்? அதிலும், அசையாமல் மல்லாந்து கிடந்து தொண்டையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் வலி அவ்வளவாகத் தெரியவில்லை.

"ரெண்டு" என்றேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கேட்கும்போதெல்லாம் என் வாயையே பார்ப்பார். ரெண்டு என்று கேட்டதும் அவருடைய தோள் கொஞ்சம் தளர்ந்து இறங்கும். அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த முறையும் ரெண்டு என்றேன், அதற்கடுத்த முறையும். நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டார். இவ்வளவு குறைவான வலிக்கு எதற்கு இவ்வளவு மருந்து என்று குழாயின் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள்.

பிசியோதெரபிஸ்ட் வந்து நாற்காலியில் உட்காரச் சொன்னாள். தலை சுற்றுகிறது என்றேன். பந்தை இழுக்கச் சொன்னாள். பிறகு பார்க்கலாம் என்றேன். அன்று மாலை சர்ச்சிலிருந்து பெண்கள் நாலு பேர் ஜெபிக்க வந்தார்கள். போகும்போது, "அசையாம படுங்க டீச்சர், இருமிராதீங்க, தையல் விட்டுரும்" என்றார்கள். எனக்கு வேண்டிய புத்திமதி அதுதான். நோட்டில் எழுதியது அத்தனையும் மறந்து, சமர்த்தாகப் படுத்துக்கிடந்தேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே வந்தது. மூக்கில் குழாய் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது பக்கம் அடியில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"அடி நுரையீரல் ஒட்டிக்கிச்சு டீச்சர். இன்னைக்கே இருமிச் சளிய எடுத்தாகணும். நிமோனியாவா மாறுனா ஐசியூ, மெஷின்னு போக வேண்டி வரும்."

அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. புற்றுநோயைத் தாண்டிவிட்டு ஒரு கட்டிச் சளியில் போய்ச் சேரப் போகிறேனா?

மேலூர்ப் பெண் வந்து என்னைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். தலையணையை மடித்துத் தையல் மேல் வைத்து, இறுக அணைத்துக்கொண்டு இருமச் சொன்னாள். நான் தொண்டையைச் செருமினேன், அவ்வளவுதான். அதற்குமேல் போக வயிறு விடவில்லை.

"வலி எம்புட்டு டீச்சர்?"

"ரெண்டு."

அவள் என்னைப் பார்த்தாள். ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தாள். "சார், கேன்டீன்ல வெந்நீர் வாங்கிட்டு வாரீங்களா?" என்றாள். மேஜை மேல் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் இருந்தது. அவர் எழுந்து வெளியே போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "இப்பச் சொல்லுங்க. சும்மா படுத்திருக்கப்ப இல்ல, இருமுறப்ப எம்புட்டு?"

கேள்வியையே நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வலியை அளப்பது நான் எவ்வளவு தாங்குகிறேன் என்று பார்க்க இல்லை, என்னால் மூச்சை இழுக்க முடிகிறதா என்று பார்க்க. வாயைத் திறந்தேன், அழுகைதான் முதலில் வந்தது.

"ஒம்பது."

"இத நேத்தே சொல்லிருந்தா மருந்தக் கூட்டியிருப்பாங்கல்ல? வலியப் பொறுத்துக்கிட்டதுக்கு இங்க யாரு டீச்சர் பரிசு குடுக்கப் போறா?"

அவளிடம் எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

மயக்க டாக்டர் வந்து குழாய் மருந்தைக் கூட்டினார். அரை மணி நேரம் போயிருக்கும். வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனது போல இருந்தது. மறுபடியும் தலையணை. என் கணவர் எப்போது திரும்பி வந்தார் என்று கவனிக்கவில்லை. அவருடைய கையும் தலையணை மேல் இருந்தது. மூன்று முறை ஆழ இழுத்து, நாலாவது முறை இருமினேன். வலித்தது, ஆனால் வயிறு விட்டுக்கொடுத்தது. இன்னொரு முறை. அதற்கடுத்த இருமலில் பசை மாதிரிக் கெட்டியாக ஒன்று வந்து கிண்ணத்தில் விழுந்தது.

"காட்டும்மா, பாக்கணும்" என்றேன். மஞ்சளும் பச்சையுமாக, சுண்டு விரல் நகம் அளவுதான். இம்புட்டுக்கா இந்தப் பாடு என்று நான் ஆராய்ந்துகொண்டிருக்க, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மூச்சு இடது பக்கம் அடிவரை இறங்கியது. இறங்குவது எனக்கே தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் மூச்சு விட்டதில்லை.

அதன் பிறகு சொன்னபடி கேட்டேன். மணிக்கொரு முறை பந்து, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாடு, டியூப் பைகளைக் கையில் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அடுத்த எக்ஸ்ரேயில் அடிப்பகுதி கறுத்திருந்தது.

இப்போது வீட்டில் ஆறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டவுடன் படுக்க அவர் விட மாட்டார். பந்து டப்பாவைத் துடைத்து வைப்பதும் அவர்தான். தினமும் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்பார். உள்ளதைச் சொல்வேன். மூன்று, இரண்டு, ஒரு நாள் ஐந்து. ஐந்து என்ற அன்று அவருடைய தோள் இறங்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

போன வாரம் திருப்பிக் கேட்டேன். "உங்களுக்கு எம்புட்டுங்க?"

"எனக்கென்ன, பரவா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். காபியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் வெந்நி வாங்கப் போகல. கதவுக்கு வெளியதான் நின்னேன். நீ ஒம்பதுன்னு சொன்னது கேட்டுச்சு."

"அப்ப உங்களுக்கு எம்புட்டு?"

யோசிக்கவே இல்லை. "பத்து" என்றார்.

முப்பது வருஷத்தில் நான் யாருக்கும் போடாத மார்க். அதில் அரை மார்க் கூட என்னால் குறைக்க முடியவில்லை.