குரங்குச் சாணம் தேடிக் கோடியக்கரைக்கு

போன ஆனி மாதம், என் வீட்டுக்காரருக்கு முதல் தெவசம் கொடுத்த மறுநாள், கோடியக்கரைக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை, குரங்குச் சாணம் எடுக்க. சிரிக்காமல் படியுங்கள், அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும்.

எனக்கு ஊர் காரைக்கால் பக்கம் நெரவி. தருமபுரத்தில் ஒரு மாடியில் குடியிருக்கும் தமிழரசிக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். அவள் குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். நான் ஐந்தாவதோடு நின்றவள், அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். குரங்கின் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. எல்லாமே கெட்டதில்லை. தழையும் காயும் செரிப்பதே அவற்றால்தான். எந்தக் காடு, எந்தப் பருவம், என்ன பழம் என்பதைப் பொறுத்து அந்தக் கூட்டம் மாறும். மனுசனை ஒட்டி வாழ்ந்து பன்னும் பிஸ்கட்டும் தின்றால் வேறு மாதிரி மாறிப்போகும், நம்முடைய கிருமியும் அதன் குடலுக்குள் போய்விடும். இதையெல்லாம் சாணத்திலேயே பார்க்கலாமாம்.

கீழவாஞ்சூரில் லாரிகள் நிற்கிற இடத்துக் குரங்குகளின் சாணம் அவளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அந்தக் குரங்குகளுக்குத் தினம் பன் பிய்த்துப் போட்டவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். நிலக்கரி லாரி ஓட்டினார். தமிழரசியிடம் கேட்டேன்.

"அவரு நல்லதுன்னுதானே செஞ்சாரு?"

"அவரு மனசுல தப்பே இல்லக்கா. பன்னுலதான்" என்றாள்.

இனி அவளுக்கு வேண்டியது மனுசன் கொடுத்துத் தின்னாத காட்டுக் கூட்டத்தின் சாணம், ஆறு குப்பி. இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். காட்டுக்குள் போக வாங்கிய அனுமதி தெவசத்துக்கு மறுநாள் சாயங்காலத்தோடு முடிகிறது. "நானும் வர்றேன். முப்பது வருசம் மாட்டுச் சாணி அள்ளுனவ" என்று கிளம்பிவிட்டேன்.

காரைக்காலில் காலை 5.20 பஸ். நாகப்பட்டினம் இருபது கிலோமீட்டர், டிக்கெட் 25 ரூபாய். அங்கே 6.20க்கு வேதாரண்யம் பஸ், 45 ரூபாய், எட்டு மணிக்கு இறங்கினோம். இட்லி சாப்பிட்டுவிட்டுக் கோடியக்கரைக்கு ஆட்டோ பிடித்தோம். பதினொரு கிலோமீட்டருக்கு 300 கேட்டார், 250க்கு வந்தார். பேரம் பேசுங்கள்.

காட்டு வாசலில் இருக்கிற குரங்குகள் பையைப் பிடுங்கும். அவை ஆகாது. வனத்துறை வாட்சர் செல்வம் முன்னால் போக, உள்ளே மூன்று கிலோமீட்டர் நடந்தோம். பாலைப் பழம் பழுக்கிற காலம். மஞ்சள் மஞ்சளாய்க் கொட்டிக்கிடந்தது. மேலே ஒரு கூட்டம் தின்றுகொண்டிருந்தது.

குட்டியை வயிற்றில் இடுக்கிக்கொண்டு ஒரு தாய் இறங்கி வந்து என்னைப் பார்த்தது. என் பையில் பதினைந்து வடை, ஒரு சீப்புப் பழம். தெவசம் கழித்து அவர் பேரில் வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்க என்று செய்து கொண்டுவந்தது. என் கை தானாகப் பைக்குள் போனது.

"அக்கா, வேணாம்! ஒரு பழம் குடுத்தாலும் இந்தக் கூட்டமும் கெட்டுச்சு."

"அவரு பேருல செஞ்சது தங்கச்சி. எப்புடி திருப்பி எடுத்துட்டுப் போவேன்?"

செல்வம் திரும்பிப் பார்த்தார். "ஏக்கா, கொரங்கு தின்னாத்தான் புண்ணியமா? நாங்க தின்னா அண்ணன் கோவிச்சுக்குவாரா?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பையை முடிச்சுப் போட்டேன். அந்தத் தாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் மரத்துக்கே ஏறிப்போய்விட்டது.

தமிழரசி குப்பியோடு பின்னாலேயே ஓடினாள். அவை தள்ளித் தள்ளிப் போயின. "தொரத்தாத. உக்காரு. மாடு படுத்து எந்திரிச்சதுமே போடும். இதுவும் வயிறு நெறஞ்சு படுக்கட்டும்" என்றேன். இரண்டு மணி நேரம் புதருக்குப் பின்னால் அசையாமல் இருந்தோம். கொசு பிய்த்து எடுத்தது. வெயில் ஏறியதும் கூட்டம் கிளையில் சாய்ந்தது. 11.40க்கு ஒவ்வொன்றாக எழுந்து கிளம்பியது. பொத், பொத்தென்று விழுந்தது!

கொட்டையும் நாருமாக, கெட்டியாக. மேய்ந்த மாட்டுக்கும் மிச்சச் சோறு தின்ற மாட்டுக்கும் சாணியில் வித்தியாசம் தெரியாதா எனக்கு? ஆறு வேண்டிய இடத்தில் ஒன்பது.

"அக்கா, சுடச்சுட இருக்குக்கா!" என்று கத்திக் கட்டிக்கொண்டாள்.

"சாணிக்கு இப்புடிக் குதிக்கிற பொண்ண இப்பத்தான் பாக்குறேன்" என்றார் செல்வம். அவர் மட்டும் ஆறு வடை தின்றார். நானும் இரண்டு தின்றேன். என் வீட்டுக்காரர் போனபிறகு வயிறு நிறைய நான் சாப்பிட்டது அன்றுதான்.

போகிறவர்களுக்கு: ஆனியில் போங்கள், பாலைப் பழம் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். வாட்சர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். குரங்குக்கு என்று எதுவும் எடுத்துப் போகாதீர்கள், சாமி பேரில் என்றாலும் சரி, செத்தவர் பேரில் என்றாலும் சரி. அதற்கு வேண்டியது அங்கேயே காய்த்துக் கிடக்கிறது.

திரும்பும் பஸ்ஸில், சாணக் குப்பிகளை அடுக்கிய ஐஸ் பெட்டியை நான்தான் மடியில் வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, மீனா?" என்று கேட்டது.

"அதவிட ஒசத்திங்க" என்றேன்.